அமாதிஸின் மரணமும் வாசகரின் மனஸ்தாபமும்

ஸ்பானிய தேசத்து வீரக் காதற்கதைகளுள் தலைமை பெற்றதாகிய 'அமாதிஸ் தெ கௌலா' என்னும் பெருங்கதையின் முதற் காண்டத்தில், நாற்பதாம் அத்தியாயத்தில், கதையோட்டம் திடீரென்று நின்றுவிடுகிறது. தன் தந்தையைக் கொன்று ராஜ்யத்தை அபகரித்தவன்மீது பழிதீர்த்துத் தருவதாக வாக்களித்து வந்த அமாதிஸின்மேல் பிரியோலான்ஹா என்னும் இளநங்கை தீராக் காதல் கொள்கிறாள். அமாதிஸோ, பிரிட்டன் தேசத்து இளவரசியாகிய ஓரியானாவிடம் தன் உள்ளத்தை முன்பே ஒப்படைத்துவிட்டவன். ஆகவே அவளை ஏற்க மறுக்கிறான். இவ்விடத்தில் கதை சொல்பவர் கதையை நிறுத்திக்கொண்டு, போர்த்துக்கல் இளவரசர் அல்ஃபோன்சோ அந்த நங்கையின் துயரம் பொறாமல் இப்பகுதியை வேறுவிதமாக எழுதும்படி கட்டளையிட்டார் என்ற செய்தியை நமக்குத் தெரிவிக்கிறார். அரச குலத்தில் பிறந்த ஒரு வாசகரின் மனக்குறை அந்தக் கதையின் உடலிலேயே தழும்பாகப் பதிந்து கிடக்கிறது.

அதனோடும் அவர் நிற்கவில்லை. வேறொரு பாடத்தின்படி, அமாதிஸ் தன் வாக்கைக் காப்பதற்காக ஒரு கோபுரத்தில் சிறையிருக்கச் சம்மதித்து, பிரியோலான்ஹாவின் விருப்பத்துக்கு இணங்காமல் ஊணும் உறக்கமும் இழந்து உயிர் போகும் நிலையை அடைந்தான் என்றும், அதைக் கேள்வியுற்ற ஓரியானாவே அவனுக்கு அனுமதி அளித்தாள் என்றும், அதன்பின் பிரியோலான்ஹாவுக்கு ஓர் ஆண் குழந்தையும் ஒரு பெண் குழந்தையும் ஒரே பிரசவத்தில் பிறந்தன என்றும் சொல்கிறார். இவை எதுவும் உண்மையல்ல, பிரியோலான்ஹா மனமிரங்கி அவனை விடுவித்தாள் என்பதே நம்பத்தக்கது என்று முடிவாகத் தீர்ப்புக் கூறும்போது, அதற்கு அவர் காட்டும் காரணத்தை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்: நான்காம் காண்டத்தில் அவள் அமாதிஸின் தம்பியாகிய கலாவோரை மணக்கப் போகிறாள், ஆகவே முன்னால் நடந்தது அதற்கு ஒத்ததாகவே இருந்தாக வேண்டும். முன்னுக்குப் பின் முரண் வரலாகாது என்னும் நியாயம், ஸ்பானிய மொழியின் மிகப் பெரிய கற்பனைக் கதைத் தொடரில், அதன் தொடக்கத்திலேயே இவ்வாறு உரக்கப் பேசுகிறது.

இந்தத் தீர்ப்பை வழங்கியவர் கார்ஸி ரொத்ரிகேஸ் தெ மொந்தால்வோ. மெதீனா தெல் காம்போ என்னும் வாணிகப் பட்டணத்தின் நகரசபை உறுப்பினர். அமாதிஸின் கதை அவர் கற்பித்ததன்று. பதினான்காம் நூற்றாண்டிலேயே ஸ்பானியப் புலவர்கள் அதை அறிந்திருந்தனர். மூன்று காண்டங்களாக வழங்கி வந்த அந்தப் பழங்கதையை அவர் செப்பம் செய்து, நான்காவது காண்டத்தைச் சேர்த்து, அமாதிஸின் மகன் எஸ்ப்ளாந்தியானின் பராக்கிரமங்களை ஐந்தாம் நூலாகவும் எழுதிவைத்தார். இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய பதிப்பு 1508-ல் ஸரகோஸா நகரில் அச்சானது. குழந்தைப் பருவத்தில் பேழையில் இட்டுக் கடலில் விடப்பட்டவன், தன் குலம் இன்னதென்று அறியாமல் ஸ்காட்லாந்தில் வளர்ந்தவன், பன்னிரண்டு வயதில் பத்து வயதுச் சிறுமியாகிய ஓரியானாவைக் கண்ட கணத்திலிருந்து அவளுக்கே அடிமையானவன், அவள் பொறாமையால் எழுதிய ஒரு கடுங்கடிதத்தைக் கண்டு ஆயுதங்களைத் துறந்து ஒரு பாறைத் தீவில் துறவிபோல் ஒடுங்கியவன்: இத்தகைய நாயகனை ஒரு தலைமுறை முழுவதும் தன் நெஞ்சில் ஏற்றிக்கொண்டதில் வியப்பில்லை.

இந்நாளில் ஆராய்ச்சியாளர் சிலர், பழைய கதையின் முடிவில் தந்தையென்று அறியாமல் எஸ்ப்ளாந்தியானே அமாதிஸைக் கொன்றிருக்க வேண்டும் என்றும், அது கேட்ட ஓரியானா சாளரத்திலிருந்து விழுந்து மடிந்திருக்க வேண்டும் என்றும் கருதுகின்றனர். மரியா ரோஸா லீதா என்னும் அறிஞர் 1953-ல் இந்தக் கருத்தை விரிவாக நிறுவினார். அமாதிஸ் இறந்ததாகச் சொல்லப்படுவது மெய்யன்று என்று மொந்தால்வோ தம் ஐந்தாம் நூலில் மறுத்துரைப்பதும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. தொடர வேண்டிய கதையில் நாயகன் சாகக் கூடாது; பழைய வாசகருக்கோ அவன் செத்தது தெரியும். இந்த இக்கட்டிலிருந்து மீள, முன்பு கேட்டது வதந்தி என்று சொல்லிவிடுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாமற் போயிற்று. பிற்காலத்துத் தொடர்கதைக்காரர் எல்லாரும் கையாண்ட இந்த உபாயம் அவ்வளவு பழமையானது.

மொந்தால்வோ மறைந்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்கியது. அக்காலத்து அரசாங்கம் அச்சகத்தாருக்கும் ஆசிரியருக்கும் அளித்த உரிமை, ஒரு குறிப்பிட்ட நூலைக் குறிப்பிட்ட ஆண்டுகள் வரை பிறர் அச்சிடாமல் காத்ததேயன்றி, அந்நூலில் வரும் மாந்தரை ஒருவருக்கு உடைமையாக்கவில்லை. எனவே அமாதிஸின் பேரனைப் பற்றியோ தம்பி மகனைப் பற்றியோ எழுத யாருக்கும் தடையில்லை. 'ஆறாம் நூல்', 'ஏழாம் நூல்' என்று முகப்பில் எண் பொறித்துவிட்டால் முந்தியவற்றை வாங்கியவர் இதையும் வாங்குவர் என்பது புத்தக வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அகன்ற தாளில் இரண்டு பத்தியாக, கருத்தடித்த கோதிக் எழுத்தில், முகப்பில் குதிரைமேல் ஏறிய வீரனின் மரச்செதுக்குச் சித்திரத்தோடு இவை வெளிவந்தன. வெளித்தோற்றத்தில் ஒரே குடும்பத்து நூல்கள். ஆனால் உள்ளே எழுதியவர்களோ ஒருவரையொருவர் கலந்து பேசாதவர்கள், சிலர் ஒருவர் எழுதியதை மற்றவர் அங்கீகரிக்கவே மறுத்தவர்கள்.

1510-ல் ஸலமான்காவில் பாயேஸ் தெ ரிபேரா வெளியிட்ட ஆறாம் நூல், ஐந்து காண்டங்களாக வாசகர் மகிழ்ந்து வந்த மந்திர ஜாலங்களையெல்லாம் கிறிஸ்தவ நெறிக்குப் புறம்பானவை என்று கண்டித்தது. ஊர்காந்தா என்னும் மாயக்காரியின் துணையும் தீர்க்கதரிசனமும் இல்லையேல் அமாதிஸின் கதையே நடந்திராது. அப்படியிருக்க, அந்த உலகத்தின் அஸ்திவாரத்தையே பாவம் என்று சொல்லும் ஒரு நூல் அந்த உலகத்தின் தொடர்ச்சியாகத் தன்னை விற்றுக்கொண்டது. அதன் தர்மோபதேசம் நல்லெண்ணத்தில் பிறந்ததே என்று நான் ஒப்புக்கொள்ளத் தயாராயிருக்கிறேன். ஆயினும், உபதேசம் செய்ய விரும்புபவர் அதற்குத் தமக்கென்று ஒரு கதையைக் கற்பித்துக்கொள்வதே நேர்மை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1514-ல், ஸியூதாத் ரொத்ரிகோ ஊரினரான ஃபெலிசியானோ தெ சில்வா என்னும் இளைஞர் ஏழாம் நூலை எழுதியபோது, ஆறாம் நூல் என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாமல், ஐந்தாம் நூலின் முடிவிலிருந்து கதையை எடுத்துக்கொண்டார்.

ஆறாம் நூலுக்கும் ஒரு வாரிசு தோன்றியது. சட்டம் பயின்ற ஹுவான் தியாஸ் என்பவர் 1526-ல் செவில் நகரத்துக் குரோம்பெர்கர் அச்சகத்தில் எட்டாம் நூலை அச்சிட்டார். அதில் அமாதிஸ் முதுமையுற்று இறக்கிறான்; ஓரியானா கன்னிமடம் புகுகிறாள். தர்க்கரீதியாகப் பார்த்தால் தியாஸ் செய்ததில் பிழை காண்பது கடினம். கொள்ளுப் பேரன் ஆயுதம் தரிக்கும் காலத்திலும் கொள்ளுப் பாட்டன் நரையின்றித் திரையின்றி வாழ்ந்துகொண்டிருப்பது இயற்கைக்கு ஒவ்வாதுதானே! ஆனால் வாசகர் அவரை மன்னிக்கவில்லை. அந்த நூல் அந்த ஒரு முறைக்குமேல் அச்சேறவே இல்லை.

அமாதிஸின் மரணம் குடும்பங்களை எவ்வாறு தாக்கிற்று என்பதற்கு, பிரான்சிஸ்கோ தெ போர்த்துகல் என்னும் பிரபு எழுதி 1670-ல் லிஸ்பனில் வெளிவந்த காதல் மரபு பற்றிய நூலில் ஒரு சம்பவம் காணப்படுகிறது. வேட்டையாடிவிட்டு வீடு திரும்பிய ஒரு கனவான், தம் மனைவியும் புதல்வியரும் பணிப்பெண்களும் கூடியிருந்து கண்ணீர் பெருக்குவதைக் கண்டு திடுக்கிட்டு, குழந்தை யாரேனும் இறந்ததோ, உற்றார் யாருக்கேனும் கேடு வந்ததோ என்று பதறிக் கேட்கிறார். அப்படியொன்றும் இல்லை என்று தலையசைத்த அவர்கள், தேம்பலுக்கிடையே, அமாதிஸ் இறந்துபோனான் என்று பதில் சொல்கிறார்கள். இந்தச் சம்பவத்தைச் சிரிப்பதற்காகவே பலர் எடுத்துச் சொல்வது வழக்கம். எனக்கு அதில் சிரிக்க ஒன்றும் தோன்றவில்லை. இருபது ஆண்டு காலம் ஒரு குடும்பத்தின் மாலைப் பொழுதுகளில் உடனிருந்த ஒருவன் இறந்தால் அந்தக் குடும்பம் அழுவதே முறை. யார் கொன்றார், எதற்காகக் கொன்றார், கொல்ல அவருக்கு என்ன உரிமை என்று கேட்பதும் முறையே.

அந்தக் கேள்வியைச் சில்வாவும் கேட்டார். 1530-ல் குவென்காவில் வெளியான 'கிரேக்கத்து அமாதிஸ்' என்னும் தம் நூலின் முகப்பில், எட்டாம் நூல் வெளிச்சத்துக்கு வந்து இந்தப் பெரிய வம்சாவளியைக் கெடுத்ததைவிடக் கருவிலேயே அழிந்திருந்தால் நன்றாயிருக்கும் என்ற கருத்தைக் கடுமையான சொற்களிலேயே வெளியிட்டு, எண்ணில் மட்டும் குழப்பம் நேராதபடி தம் நூலை ஒன்பதாவதென்று அழைத்துக்கொண்டார். அந்நூலில் அமாதிஸ் உயிரோடு இருக்கிறான். அவன் இறந்ததற்கும் உயிர்த்ததற்கும் இடையே விளக்கம் எதுவும் இல்லை. ஒரு நூலை மற்றொரு நூல் ரத்து செய்தது, அவ்வளவே. வரிசையாக எட்டையும் ஒன்பதையும் வாங்கிப் படித்தவனின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சில்வா அபாரமான கற்பனா சக்தி உடையவர். ஆடு மேய்க்கும் இளைஞரின் காதலை வீரக் கதையோடு இணைத்து, பெண் வேடம் பூண்ட நாயகர்களை அரண்மனை அந்தப்புரங்களில் உலவவிட்டுப் புதுமைகள் பல செய்தவர். இருந்தும், பிறர் செய்த முரணைக் கண்டித்த அவரே முரணின் வழியில்தான் நடந்தார். அவர் 1535-ல் வெளியிட்ட பதினோராம் நூலுக்குத் தொடர்ச்சியாக 1546-ல் செவிலைச் சேர்ந்த பேத்ரோ தெ லுஹான் பன்னிரண்டாம் நூலை எழுதிவிட, 1551-ல் சில்வா தம் கதையின் அடுத்த பாகத்தை லுஹானின் நூலைப் புறக்கணித்துத் தம் போக்கிலேயே எழுதினார். ஒரே இடத்திலிருந்து இரண்டு வருங்காலங்கள் பிரிந்தன. இத்தாலியிலும் பிரான்சிலும் ஜெர்மனியிலும் இவற்றை மொழிபெயர்த்தவர்கள் தங்கள் பங்குக்குப் புதிய பாகங்களைச் சேர்க்கவே, ஜெர்மானிய மொழியில் தொடர் இருபத்து நான்கு நூல்கள் வரை நீண்டது.

இவற்றைப் படித்தவர் அற்பர்கள் அல்லர். அவிலா நகரத்துப் புனித தெரேசா தம் தாயாரோடு சேர்ந்து, தந்தை அறியாமல், இத்தகைய கதைகளை இரவும் பகலும் வாசித்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1531-ல் அமாதிஸ் போன்ற வீண் கதைகளை அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு அனுப்பலாகாதென்று அரசாணை பிறந்தது. 1555-ல் வல்லதோலித் நகரில் கூடிய பிரதிநிதி சபையோ ஸ்பெயினிலேயே இவற்றைத் தடைசெய்யுமாறு மனு கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வாசிக்கக் கேட்டு மகிழ்ந்தனர். ரொத்ரிகேஸ் லோபோ என்னும் போர்த்துக்கேயர் 1619-ல் வெளியிட்ட நூலில், நம் இந்தியாவில் ஒரு நகரை முற்றுகையிட்டிருந்த போர்த்துக்கேயச் சிப்பாய்கள் கூடாரத்தில் இப்படி ஒரு கதையைப் படித்துவந்ததாகவும், அதை அட்சரம் அட்சரமாக நம்பிய ஒரு வெள்ளை மனத்தான் மறுநாட் போரில் தன்னந்தனியே பகைவர் நடுவே பாய்ந்து குற்றுயிராக மீட்கப்பட்டு, நீங்கள் தினமும் படிக்கும் வீரர்கள் செய்வதில் பாதிகூட நான் செய்யவில்லையே என்று சொன்னதாகவும் ஒரு வரலாறு வருகிறது.

நம்பிப் படித்தவரே குறையும் கண்டனர். ஹுவான் தெ வால்தேஸ் என்னும் பேரறிஞர், தம் வாழ்வின் மிகச் சிறந்த பத்து ஆண்டுகளை அரண்மனைகளில் இக்கதைகளைச் சுவைத்துக் கழித்ததாக ஒப்புக்கொண்டவர். 1535-ஐ ஒட்டி நேப்பிள்ஸில் ஸ்பானிய மொழி பற்றி எழுதிய உரையாடலில் அமாதிஸின் நடையைப் பயிலுவோருக்கு அவரே சிபாரிசும் செய்கிறார். அதே மூச்சில், இயேசுநாதர் சிலுவையில் அறையுண்டு சில ஆண்டுகளே ஆன காலத்தில் இக்கதை நடந்ததென்று தொடக்கத்தில் சொல்லிவிட்டு, பல காலத்துக்குப் பின்னரே கிறிஸ்தவம் பரவிய நாடுகளையெல்லாம் கிறிஸ்தவ நாடுகளாகக் காட்டலாமா என்று கேட்கிறார். பத்தாண்டு காலம் ஒரு நூலோடு வாழ்ந்தவனுக்கே இந்தக் கேள்வி எழும். புரட்டிப் பார்த்து மூடி வைப்பவனுக்கு எழாது.

வாசகர் எதைப் பொறுத்தார், எதைப் பொறுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கோபுரம் போன்ற அரக்கர், நொடியில் கடல் கடக்கும் மாயக் கலங்கள், தொட்டால் சுடர்விடும் வாள் ஆகியவற்றைக் கண்டு யாரும் புத்தகத்தை வீசி எறியவில்லை. மாய உலகத்துக்கு ஆசிரியர் எந்த விதியை வகுத்தாலும் வாசகன் சம்மதிக்கிறான். அந்த விதியை வகுத்தவரே அடுத்த பாகத்தில் அதை மறந்தாரானால்தான் அவனுக்கு மனம் கசக்கிறது. செர்வாந்தெஸ் படைத்த டான் குவிக்ஸாட் தம் நூலறையில் பெலியானிஸ் என்னும் வீரனின் கதையைப் படித்துக்கொண்டிருக்கையில், அந்த வீரன் கொடுத்ததும் பட்டதுமான அத்தனை காயங்களை எண்ணி, எவ்வளவு கைதேர்ந்த வைத்தியர்கள் ஆற்றியிருந்தாலும் முகமும் உடலும் தழும்பு மயமாகத்தானே இருக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார். முடிவு பெறாமல் நின்ற அக்கதையைத் தாமே எடுத்து முடித்துவிட வேண்டுமென்று அவருக்குப் பலமுறை ஆசை எழுந்ததாம். தழும்புகளுக்குக் கணக்குக் கேட்பதும், முற்றுப்பெறாத கதையைத் தானே முடிக்கத் துடிப்பதும் பித்தனின் செயல்களாகச் சொல்லப்பட்டாலும், நல்ல வாசகனின் லக்ஷணம் இவையே என்று நான் கருதுகிறேன்.

அதே செர்வாந்தெஸின் நூலிலும் ஒரு கழுதை தொலைந்துபோயிற்று.

'டான் குவிக்ஸாட்' முதற்பாகம் 1605 என்று ஆண்டிட்டு மத்ரித் நகரில் ஹுவான் தெ லா குவெஸ்தாவின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. 1558-ம் வருஷத்துச் சட்டப்படி, கையெழுத்துப் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் ராஜ சபையின் எழுத்தர் ஒப்பமிட வேண்டும். அச்சானபின் அதனோடு ஒப்பிட்டுப் பிழை நோக்கிச் சான்றளிக்க வேண்டும். அதன் பிறகே விலை நிர்ணயமாகும். ஒரு தாளுக்கு மூன்றரை மரவேதி வீதம் எண்பத்து மூன்று தாளுக்கு இருநூற்றுத் தொண்ணூற்றரை மரவேதி என்று இந்நூலுக்கு விலை விதிக்கப்பட்டது. முர்சியா தெ லா யானா என்னும் அதிகாரி 1604 டிசம்பர் 1-ம் தேதி, மூலப் பிரதிக்கு மாறாகக் குறிப்பிடத்தக்க ஏதும் இதில் இல்லை என்று சான்றளித்தார். அவர் வேலை அச்சையும் மூலத்தையும் ஒப்பிடுவது. கதையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் ஒப்பிடும் பொறுப்பைச் சட்டம் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

வாசகர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். சியர்ரா மொரேனா மலைப்பகுதியில் டான் குவிக்ஸாட்டின் பணியாளனாகிய சாஞ்சோ பான்ஸாவின் கழுதை காணாமற் போய்விட்டதாகப் பேச்சு வருகிறது. எப்படிப் போயிற்றென்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. பிறகு அது ஒரு விளக்கமுமின்றி மறுபடியும் வந்து நிற்கிறது. சில மாதங்களுக்குள் அதே அச்சகம் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் கினேஸ் தெ பசமொந்தே என்னும் திருடன் இரவில் கழுதையைக் கவர்ந்து செல்வதையும், விடிந்ததும் சாஞ்சோ தன் வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அந்தப் பிராணியை எண்ணிப் புலம்புவதையும் சேர்த்தனர். முப்பதாம் அத்தியாயத்தில் கழுதை மீள்வதையும் சேர்த்தனர். ஆனால் புதிதாகச் சேர்த்த புலம்பல் முடிந்த சற்று நேரத்துக்கெல்லாம், அதே பக்கங்களில், சாஞ்சோ அந்தக் கழுதையின்மீதே பக்கவாட்டில் உட்கார்ந்து, சாக்கிலிருந்து தின்பண்டத்தை எடுத்து எடுத்து வயிற்றில் திணித்துக்கொண்டு எஜமானின் பின்னே செல்கிறான். பழைய வாக்கியத்தை அடிக்க மறந்துவிட்டார்கள். கிழிந்த துணிக்கு ஒட்டுப் போட்டவன் ஒட்டின் ஓரத்திலேயே புதிய கிழிசலை உண்டாக்கிய கதை இது. 1608-ம் ஆண்டுப் பதிப்பில்தான், கழுதை சுமக்க வேண்டியதையெல்லாம் சாஞ்சோ தானே சுமந்து நடந்ததாக அந்த வாக்கியம் திருத்தப்பட்டது.

1615-ல் இரண்டாம் பாகத்தை வெளியிட்டபோது, செர்வாந்தெஸ் அதற்கு முன் வேறெந்த வீரக் கதை ஆசிரியரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். வாசகரின் முறையீட்டைக் கதைக்குள்ளேயே அழைத்து ஆசனமிட்டு அமர்த்தினார். ஸலமான்காவில் படித்துவிட்டு ஊர் திரும்பிய சான்ஸோன் கர்ராஸ்கோ என்னும் பட்டதாரி, முதற்பாகத்தைப் படித்தவர்கள் ஊரெல்லாம் சொல்லும் குறைகளை டான் குவிக்ஸாட்டிடமும் சாஞ்சோவிடமும் நேரிலேயே அடுக்குகிறான்: சம்பந்தமில்லாத உபகதையை நடுவே நுழைத்தது தகாது, கழுதையைத் திருடியவன் யாரென்று சொல்லவில்லை, திருடு போன பிறகும் சாஞ்சோ அதன்மேல் சவாரி செய்கிறான், மலையில் கண்டெடுத்த நூறு பொற்காசு என்னவாயிற்றென்று ஒரு வார்த்தை இல்லை. சாஞ்சோ பதில் சொல்கிறான். தான் கழுதைமேல் அமர்ந்தபடியே உறங்கியபோது, திருடன் சேணத்தின் நான்கு பக்கமும் நான்கு கழிகளை முட்டுக் கொடுத்துவிட்டு, அடியிலிருந்து கழுதையை உருவிக்கொண்டு போனதாகவும், விடியற்காலையில் தான் சோம்பல் முறித்ததும் கழிகள் சரிந்து தரையில் விழுந்ததாகவும் விவரிக்கிறான். காசுகளைத் தனக்கும் மனைவி மக்களுக்கும் செலவிட்டுவிட்டதாகச் சொல்கிறான். திருடு போன கழுதைமேல் எப்படி ஏறினாய் என்ற கடைசிக் கேள்விக்கு மட்டும் விடை வேறாக இருக்கிறது: சரித்திரம் எழுதியவர் ஏமாந்திருப்பார், அல்லது அச்சடித்தவரின் கவனக்குறைவாயிருக்கும்.

அந்தப் பதிலை நான் மிகவும் மதிக்கிறேன். பாதி விளக்கம், பாதி ஒப்புதல். மொந்தால்வோவைப்போல வதந்தியென்று தள்ளவில்லை. சில்வாவைப்போல ஒரு நூலையே இல்லையென்று ஆக்கவில்லை. முரண் இருக்கிறது, நீங்கள் கண்டுபிடித்தது சரி என்று வாசகரிடம் சொல்லிவிட்டுக் கதையை மேலே நடத்துகிறார். இந்த மரியாதையைப் பெற அமாதிஸின் வாசகர்கள் நூறு ஆண்டுகள் காத்திருந்தனர்.

அவருக்கும் சில்வாவுக்கு நேர்ந்தது நேர்ந்தது. 1614-ல், அவெயானேதா என்னும் புனைபெயரில் ஒருவர் டான் குவிக்ஸாட்டின் போலி இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். செர்வாந்தெஸ் தம் ஐம்பத்தொன்பதாம் அத்தியாயத்தில், அந்தப் போலி நூலைச் சத்திரத்தில் படித்துக்கொண்டிருக்கும் இருவரை நாயகனுக்கு முன் நிறுத்தி, சாஞ்சோவின் மனைவி தெரேஸா பான்ஸாவின் பெயரையே மாற்றி எழுதியவன் மற்றவற்றில் எப்படி உண்மை சொல்வான் என்று கேட்கவைக்கிறார். முதற்பாகத்தில் அவரே அவளை ஹுவானா என்றும் மாரி என்றும் அழைத்திருந்தார். முரணைத் தேடிப் பழகிய கண்ணுக்கு இதுவும் தப்பவில்லை. நீண்ட கதை எழுதுபவனுக்கு ஞாபகம் துணை செய்யாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வாசகனின் ஞாபகமே துணை.

எனினும் ஒரு விஷயத்தில் அவர் உறுதியாயிருந்தார். மரணப் படுக்கையில் டான் குவிக்ஸாட் கண்மூடியதும், பங்குக் குருவானவர் பத்திரம் எழுதுபவரை அழைத்து, இவர் இயற்கை மரணம் எய்தினார் என்று சாட்சிப் பத்திரம் எழுதித் தரும்படி கேட்கிறார். வேறெந்த ஆசிரியரும் பொய்யாக அவரை உயிர்ப்பித்து முடிவற்ற கதைகளை எழுதாதிருக்கவே அந்த ஏற்பாடு என்று காரணமும் சொல்லப்படுகிறது. எட்டாம் நூலில் செத்து ஒன்பதாம் நூலில் எழுந்த அமாதிஸை அறிந்தவர்களுக்கே அந்தப் பத்திரத்தின் முழு அர்த்தமும் விளங்கும்.

தொடர்கதை எழுதுகிறவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுண்டு. வாசகர் கடிதங்களில், முந்தின பாகத்தில் இவ்வாறு சொன்னீர்களே, இப்போது அவ்வாறு சொல்கிறீர்களே என்று கேட்டு ஒரு கடிதம் வருமானால், அதை ஒதுக்கி வைக்காமல், டான் குவிக்ஸாட் இரண்டாம் பாகத்தின் மூன்றாம், நான்காம் அத்தியாயங்களை ஒருமுறை படித்துவிட்டு அதற்குப் பதில் எழுதுங்கள்.